நாற்பத்து மூன்று பேர் வந்த ரயில்

கண்டியில் மகியாவைப் பக்கம் யாரைக் கேட்டாலும் அழகமுத்துவை "மதராஸ் பத்திரிகையில் கதை வந்த கிளாக்கர்" என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கும் அந்தப் பெயர் பிடிக்காது. பிடிக்காது என்று வாயைத் திறந்து சொல்கிற ஆளும் அவனில்லை. அந்தப் பெயர் அவனுக்கு வந்ததில் என் கையும் இருக்கிறது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் லாபிர். கண்டி கொழும்பு வீதியில் பெயர்ப்பலகை எழுதுகிறேன். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் கைக்கு வரும். துணிக்கடைக்குத் துணிச்சுருள், மருந்துக்கடைக்குப் போத்தல், தேத்தண்ணிக் கடைக்கு ஆவி பறக்கும் கோப்பை, எல்லாம் வரைவேன். மனிதரை மட்டும் வரைய மாட்டேன். ஆடு மாடும் கிடையாது. உயிருள்ளதை வரைவதில்லை என்று தூரிகை பிடித்த முதல் நாளே வாப்பாவுக்கு வாக்குக் கொடுத்தேன். பயாஸ்கோப் கொட்டகைக்காரர் வந்து நடிகையின் முகத்தைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னபோது, அந்த நடிகையின் குடையை வேண்டுமானால் போட்டுத் தருகிறேன் என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அழகமுத்து என்னைவிட ஐந்தாறு வயது இளையவன்; அண்ணன் முறையில் என்னை 'நானா' என்று கூப்பிடுவான். பிறந்தது கலஹாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்று அவனைப் படிக்க வைத்தது. முனிசிபல் கந்தோரில் பியூனாகப் போய், தண்ணீர்ப் பகுதியில் கணக்கெழுதும் கிளாக்கர் ஆனான். எந்தத் தெருவில் எத்தனை பைப், எந்தப் பைப்பில் எந்த நேரம் தண்ணீர் வராது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். கந்தோர் கதவுக்கு இலக்கம் எழுதப் போன இடத்தில்தான் பழக்கமானோம். சாயங்காலம் கந்தோர் விட்டால் நேரே என் கடைக்கு வருவான், வர்ண வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவான், கதை சொல்லத் தொடங்குவான்.

அவனுடைய கதைகள் சாதாரணக் கதைகள் அல்ல. சந்திரனில் தண்ணீர் பைப் போடப் போன ஓவர்சியர் கதை ஒன்று. சுவருக்கு அப்பால் நடப்பதைக் காட்டும் விளக்கு வாங்கி, அதனாலேயே பெண்சாதியிடம் அடிவாங்கிய வியாபாரி கதை ஒன்று. அந்தக் காலத்தில் மதராஸிலிருந்து 'விசித்திர தீபிகை' என்று ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதிசயக் கதைகளுக்கு மாதம் ஒரு போட்டி வைப்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் ஆண்டு தொடங்கி முப்பத்திரண்டு வரைக்கும் அழகமுத்து பதினொரு கதை அனுப்பினான். பதினொன்றும் போன மாதிரியே திரும்பி வந்தன. முத்திரை மட்டும் வேறு.

கண்டியில் அந்தப் பத்திரிகைக்கு ஏஜண்ட் இராமநாதன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் உத்தியோகம். மாஸ்டர் என்பது அவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் பொருந்தும் பெயர். அன்று காலை அரிசிக்கடை மாடியில் இருக்கும் வாசிகசாலையில் 'அதிசயக் கதைப் பயிற்சி வகுப்பு' நடத்துவார். பத்திரிகைக்காரர்கள் மாதாமாதம் பாடத்தாள் அனுப்புவார்கள், அவர் அதைப் படித்துக் காட்டுவார். கதை எழுதுவோர் நான்கு பேர், படம் வரைவோர் இரண்டு பேர், பேப்பர் படிக்க வந்து அகப்பட்டுக்கொண்ட கிழவர் ஒருவர். படக்காரர் இருவரில் ஒருவன் நான். அழகமுத்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டான்.

பாடத்தாளில் பத்து விதி. முதல் பக்கத்தில் ஒரு யந்திரம் வரவேண்டும். மூன்றாம் பக்கத்தில் அது பழுதாக வேண்டும். கதாநாயகன் விஞ்ஞானியாக இருப்பது நலம். ஒரு கதையில் நான்கு பேருக்கு மேல் வந்தால் வாசகர் குழம்புவார். இப்படியே போகும். மாஸ்டர் ஒவ்வொரு விதியையும் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது போல நிதானமாகச் சொல்வார். அவருக்கும் ஒரு கதை எழுதும் ஆசை இருந்தது என்றும், பத்து விதியையும் ஒரே கதையில் அடக்க முடியாமல் விட்டுவிட்டார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

முப்பத்திரண்டாம் ஆண்டு நடுவில் பெரிய போட்டி ஒன்று அறிவித்தார்கள். 'இன்னும் நூறு வருஷத்தில்' என்பது பொருள். கதையோடு ஒரு முழுப்பக்கப் படமும் அனுப்பவேண்டும். எழுதுவது ஒருவர், வரைவது ஒருவர் என்று சேர்ந்து அனுப்பலாம். கதைக்கு ஒரு நடுவர் குழு, படத்துக்கு வேறொரு குழு. கதை பத்திரிகையில் வெளிவரும். படக்காரருக்கு வர்ணப் பெட்டியும், மதராஸில் ஒரு மாதப் பயிற்சிக்கு அழைப்பும்.

அறிவிப்பு வந்த வாரமே அழகமுத்து எழுதத் தொடங்கினான். இந்தத் தடவை கடையில் உட்கார்ந்து கதை சொல்லவில்லை. ஞாயிறு தோறும் வகுப்பு முடிந்ததும் கலஹா பஸ் ஏறினான். லயம் லயமாகப் போய்ச் செத்தவர்களின் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நூறு வருஷத்துக்குப் பிறகு நடக்கப் போவதை எழுதச் சொன்னால் இவன் நாற்பது வருஷத்துக்கு முன் செத்தவனைத் தேடிப் போகிறானே என்று கேட்டேன்.

"நானா, தோட்டத்துல ஒருத்தன் செத்தா ஆள் பேரு பதியுற செக்ரோல் புத்தகத்துல செவப்பு மையில ஒரு கோடு இழுப்பாங்க. புத்தகம் முடிஞ்சா புதுப் புத்தகம் போடுவாங்க. அதுல அவன் பேரே இருக்காது. கல்லு வைக்கிறதில்ல, பட்டயம் எழுதுறதில்ல. எங்க அப்பா இந்தியாவுலேருந்து வந்து மன்னார்ல எறங்கி நடந்து வந்தப்ப கூட நடந்தவங்க காட்டு வழியில தண்ணியில்லாம வுழுந்தாங்க. அவங்க பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. அச்சுல ஒரு தடவ வந்துட்டா அதுல யாரும் கோடு இழுக்க முடியாது பாருங்க," என்றான்.

அவன் அவ்வளவு நீளமாகத் தன் மனதிலிருப்பதைப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கதை இதுதான். இரண்டாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு. ஒரு திங்கட்கிழமை காலை, நாவலப்பிட்டிப் பக்கமிருந்து அட்டவணையில் இல்லாத ரயில் ஒன்று கண்டி நிலையத்துக்கு வருகிறது. கதவுகள் திறக்கின்றன. மன்னார் வழியில் விழுந்தவர்கள், லயத்தில் காய்ச்சலில் போனவர்கள், மண் சரிந்து மூடியவர்கள் எல்லாரும் இறங்குகிறார்கள். எல்லாருக்கும் தாகம். ஆனால் பைப்பைத் திருகினால் அவர்கள் கைக்குத் தண்ணீர் விழாது. பெயரை யாராவது எழுதினால்தான் விழும். மேடையில் நிற்கும் முனிசிபல் கிளாக்கர் ஒருவர் பெயர் கேட்டு எழுத உட்காருகிறார். எழுதப்பட்டவர் ஒவ்வொருவராகப் போய் வயிறு நிறையக் குடிக்கிறார். ஊரில் கால் வைக்க இடமில்லை. ஊர்க்காரர்கள் முறைப்பாடு செய்கிறார்கள். கிளாக்கர் தலை நிமிராமல் எழுதுகிறார். நாற்பத்து மூன்று பெயர். நாற்பத்து மூன்றாவது ஒரு பதினாறு வயதுப் பெண். "எழுதிட்டீங்களா?" என்று கேட்கிறாள். "எழுதியாச்சு" என்கிறார். கதை முடிகிறது.

அந்தப் பெண்ணின் பெயர் பேச்சாயி. அழகமுத்துவின் பெண்சாதி வீரம்மாவுக்குக் கூடப்பிறந்த அக்காள். பதினாறு வயதில் காய்ச்சலில் போனவள். அவளைப் புதைத்த மேட்டில் இரண்டு வருஷத்தில் தேயிலைக் கன்று வைத்துவிட்டார்கள். வீரம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் கதை முழுக்க அவளுக்குத் தெரியும். எழுதும்போதே பக்கத்தில் இருந்து, இன்னாரை விட்டுவிட்டீர்கள், இன்னார் காலால் நொண்டுவார் என்று சொல்லிச் சேர்த்தவள் அவள். கதை பேப்பரில் வந்ததும் கலஹாவுக்கு எடுத்துப் போய் ஆத்தாளுக்குக் காட்டவேண்டும் என்பது அவளுடைய திட்டம். எப்போது வரும், எப்போது வரும் என்று என்னைக்கூடக் கேட்பாள்.

அழகமுத்து அதை வகுப்பில் படித்தபோது மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம், கதை நல்லாத்தான் கிடக்கு. ஆனா பாடத்தாளிலை யந்திரம் வேணும் எண்டு போட்டிருக்கு. உங்கடை கதையிலை ரயிலைத் தவிர வேறை யந்திரம் இல்லை. பழுதாகிறதாயும் காணேல்லை. மற்றது, நாலு பேருக்கு மேலை வரப்படாது. நீங்கள் நாப்பத்து மூண்டு பேரைக் கொண்டு வாறியள்."

"அவங்க வந்துட்டாங்க மாஸ்டர். யாரைத் திருப்பி அனுப்புறது?" என்றான் அழகமுத்து.

படம் என் தலையில் விழுந்தது. ரயில் வரைவேன், மேடை வரைவேன், பைப் வரைவேன். ஆட்களுக்கு எங்கே போவேன்? அழகமுத்து கடையில் வந்து உட்கார்ந்து வாதாடினான்.

"நானா, உயிருள்ளதைத்தானே நீங்க வரையக் கூடாது? இவங்க எல்லாம் செத்தவங்க. இதுல ஒருத்தருக்கும் உயிர் இல்லியே."

"ஒன்ட கதையில எழும்பி வந்து ரயிலால எறங்குறாங்களே. தண்ணி வேற குடிக்கிறாங்க. தண்ணி குடிச்சா உயிர் ஈக்குதுதானே? எனக்கு ஏலா, அழகமுத்து. வாப்பாக்கு வாக்குக் குடுத்தீக்கிறேன்."

அவன் சிரித்துவிட்டான். வாக்கு என்றதும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம். வகுப்பில் இருந்த மற்றப் படக்காரனிடம் கொடுத்திருந்தால் நாற்பத்து மூன்று முகத்தையும் கோணல்மாணலாகவாவது போட்டிருப்பான். ஆனால் அழகமுத்துவுக்கு என் கைதான் வேண்டியிருந்தது. எனக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆளுக்குப் பதிலாக ஆளின் பொருள். நாற்பத்து மூன்று பேருக்கும் ஒவ்வொன்று, மேடை நெடுக. அவரவருக்கு என்ன இருந்தது என்று அழகமுத்துவைக் கேட்டேன். முக்கால்வாசிப் பேருக்கு அவனுக்குத் தெரியவில்லை. சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று கம்பளி, மண்வெட்டி, செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி, பித்தளைச் செம்பு, கிழிந்த குடை எல்லாம் வரைந்தேன். பேச்சாயிக்குக் கொழுந்துக் கூடை. அதை முன்னால், பைப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கூடையின் பின்னல் ஒவ்வொன்றும் தெரிய வரைய எனக்கு நான்கு நாள் பிடித்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல படம் நான் வரைந்ததில்லை. கதவு திறந்த ரயில், நிறையப் பொருள், ஒருவருமில்லாத மேடை.

அழகமுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு நானா," என்றான். இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினோம்.

முப்பத்துமூன்று பெப்ரவரியில் முடிவு வந்தது. படத்துக்கு முதல் பரிசு. இலங்கை, கண்டி, எம். லாபிர். 'மனிதரே அற்றுப்போன உலகத்தை இவ்வளவு பயங்கரமாகக் காட்டிய தூரிகை வேறில்லை' என்று எழுதியிருந்தார்கள். கதைக்கு ஒன்றுமில்லை. கதை தனியாகத் திரும்பி வந்தது. கதைக்குழு படத்தைப் பார்த்ததா, படக்குழு கதையைப் படித்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வர்ணப் பெட்டி தபாலில் வந்தது. மதராஸ் அழைப்புக்கு நான் போகவில்லை. பெரிய தியாகம் ஒன்றுமில்லை, கடையை யார் பார்ப்பது? பெட்டியைத் திறந்து பார்க்கவும் மனம் வரவில்லை. அழகமுத்து எனக்கு மாலை போடாத குறையாகச் சந்தோஷப்பட்டான். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவன் முகத்தில் ஒரு கடுப்பாவது தெரிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் வந்தது பாருங்கள் ஒரு அறிவிப்பு. என் படத்தை முழுப்பக்கத்தில் அச்சிட்டு, 'இந்தப் படத்துக்குப் பொருத்தமான கதை எழுதுக' என்று புதுப் போட்டி.

வகுப்பில் எல்லாரும் அழகமுத்துவைப் பார்த்தார்கள். படத்துக்கான கதை அவன் மேசையில் இருக்கிறதே. மாஸ்டர்கூட எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் வீட்டுக்குப் போய் வீரம்மாவிடம் சொன்னபோது அவள் அன்றே ஆத்தாளுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் ஓர் எழுத்தும் மாற்றாமல் அதே கதையை அனுப்பினான்.

ஆறு வாரத்தில் கதை திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதமும். அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். 'தங்கள் கதை படத்துக்குப் பொருந்தவில்லை. படத்தில் ஒருவரும் இல்லை. தங்கள் கதையில் ஊரே இருக்கிறது. பெயர்ப் பட்டியல் வாசகருக்குச் சலிப்பு உண்டாக்கும். ஆயினும் நடை நன்று. ஆட்களை எடுத்துவிட்டு அனுப்பினால் பரிசீலிப்போம். இலங்கைக்காரருக்குத் தபால் தாமதம் கருதி இருபது நாள் தவணை தருகிறோம்.'

வர்ண வாளியில் உட்கார்ந்து படித்த அழகமுத்து கடிதத்தை மாஸ்டரிடம் நீட்டினான். மாஸ்டர் அன்று கடைக்கு வந்திருந்தார்.

"பதிமூண்டு தரம் அனுப்பி இப்பதான் அவையள் ஒரு வழி விட்டிருக்கினம். இதை விடப்படாது. எழுதி அனுப்புங்கோ," என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவன் அனுப்பியிருக்க மாட்டான். இதை நான் நிச்சயமாகச் சொல்வேன். ஆனால் என் மனதில் அந்த வர்ணப் பெட்டி கனத்துக்கொண்டு கிடந்தது. அவனுக்கும் ஏதாவது கிடைத்துவிட்டால் என் பாரம் இறங்கும் என்றிருந்தது. அந்த அற்ப புத்தியில் சொன்னேன்:

"மொதல்ல நீ உள்ளுக்குப் போ, அழகமுத்து. கதவு தொறந்தா பொறகு அவங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போகலாந்தானே."

அவன் சம்மதித்தான். அடுத்த கதையில் பெயர்களைப் போட்டுவிடலாம், ஒருமுறை அச்சில் வந்தவனுடைய கதையைப் படிக்காமல் திருப்ப மாட்டார்கள் என்று அவனே தனக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டான். இரண்டு சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்து பெயர்களைக் கோடிழுத்து அடித்தான். அடிப்பதற்கு என்னிடம்தான் மை கேட்டான். என்னிடம் அன்று கரைத்து வைத்திருந்தது சிவப்பு. அதையே எடுத்துக்கொண்டான். மன்னார் வழிக்காரர்கள் முதலில் போனார்கள். பிறகு காய்ச்சல்காரர்கள், பிறகு மண்ணில் மூடியவர்கள். கடைசியில் நின்ற பேச்சாயியின் மேல் பேனாவை வைத்தான், எடுத்தான், திரும்ப மையில் தோய்த்தான். பிறகு அவளையும் அடித்தான்.

மிஞ்சியது கிளாக்கரும், ரயிலும், யாரும் குடிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் பைப்பும். 'ஆளில்லா ரயில்' என்று பெயர் வைத்தான். ஆறுதல் பரிசு. முப்பத்துமூன்று நவம்பர் இதழில், என் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில், இலங்கை, கண்டி, பெ. அழகமுத்து என்று வந்தது. முதல் பரிசு வாங்கிய கதையில் செவ்வாய்க்கிரகத்துக்காரர்கள் வந்து எல்லாரையும் தூக்கிப் போகிறார்கள்.

இதழ் வந்த அன்று அவன் வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தான். மகியாவையில் இரண்டு அறை வீடு. வீரம்மா பாயசம் வைத்திருந்தாள். கதிரை ஒன்றே ஒன்று, அதில் என்னை உட்கார வைத்தாள். கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, பத்திரிகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"படிங்க, கேப்போம்," என்றாள்.

அவளிடம் அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் படிக்கத் தொடங்கினான். ரயில் வந்தது. கதவு திறந்தது. அந்த இடத்தில் ஒரு மூச்சு நின்றான். பிறகு பேப்பரைப் பார்த்தபடியே மேலே போனான். "முதலில் இறங்கியவர் ஒண்டிவீரன். இரண்டாவது மாடத்தி," என்று சொல்லிக்கொண்டே போனான். அச்சிலிருந்த வரி ஒன்று, அவன் வாயில் வந்தது ஒன்று. நாற்பத்து மூன்று பேரையும் ஒருவர் விடாமல், வரிசை மாறாமல் இறக்கினான். பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் புரட்டினான். நான் பாயசக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எழுதியாச்சு" என்று முடித்தபோது வீரம்மா அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"ஆத்தாளுக்குக் கொண்டுபோய்க் காட்டணும்," என்றாள்.

அவன் மழை என்றான். பஸ் ஓடவில்லை என்றான். பத்திரிகையைக் கந்தோரில் ஒருவர் இரவல் கேட்டிருக்கிறார் என்றான். ஒரு மாதம் இப்படித் தள்ளினான். அதற்குள் பெயர்கள் எல்லாம் உள்ள பழைய கதையைத் திரும்ப நல்ல கையெழுத்தில் எழுதி மதராஸுக்கு அனுப்பினான். அது அச்சில் வந்துவிட்டால் அதையே கொண்டுபோகலாம் என்று எண்ணம். உறை திரும்பி வந்தது. இந்தத் தடவை கடிதம் இல்லை. 'தீபிகை' நின்றுவிட்டது என்று மாஸ்டருக்கு ஒரு தபாலட்டை மட்டும் வந்திருந்தது. அடுத்த ஞாயிறு வகுப்பும் இல்லை. பேப்பர் படிக்க வந்த கிழவர் மட்டும் மாடியில் இருந்தார்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் வீரம்மா அவனுக்குச் சொல்லாமல் பத்திரிகையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கலஹா பஸ் ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அழகமுத்து வழக்கம்போல வாளியில் உட்கார்ந்திருந்தான். அவள் பஸ்ஸை விட்டிறங்கி நேரே என் கடைக்கு வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை என்பது கால் புழுதியில் தெரிந்தது. சத்தம் போடவில்லை. பத்திரிகையை எடுத்து, நான் எழுதிக்கொண்டிருந்த பலகையின் மேல் வைத்தாள்.

"லயத்துச் சனம் பூராவும் வந்து உக்காந்திருந்துச்சு. ஆத்தாளுக்குக் காது கேக்காதுன்னு பள்ளிக்கூட வாத்தியார் பக்கத்துல உக்கார வச்சோம். வாத்தியார் படிச்சாரு. ஒரு பேரும் வரல. முழுங்கிட்டாருன்னு நெனச்சேன். மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடியும் வரல. எங்க பேரெல்லாம் படிக்க ஒனக்கு வாய் கூசுதான்னு அந்த மனுசன அத்தன பேரு முன்னால ஏசிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லாம பேப்பர மடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு," என்றாள்.

பிறகு அவனிடம், "எங்கக்கா எந்தப் பக்கத்துல இருக்கா? காட்டுங்க," என்றாள்.

அழகமுத்து எழுந்து நின்றான். பத்திரிகையைத் தொடவில்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஏதாவது செய்யவேண்டுமே என்று நானே பத்திரிகையை எடுத்துப் படத்தைப் பிரித்தேன். பைப்புக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன்.

"இந்தா தங்கச்சி, இதுதான் ஒங்கட அக்கா. இது அவட கூடை. அவவுக்காகத்தான் நான் இத முன்னுக்கு வச்சேன்."

வீரம்மா குனிந்து பார்த்தாள். எனக்கு நான்கு நாள் பிடித்த அந்தப் பின்னலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது தோட்டத்துக் கூடைங்க நானா. அவ செத்த அன்னைக்கே கங்காணி வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. அவளுக்குன்னு சொந்தமா இருந்தது பேரு மட்டுந்தான்."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அவனும் பின்னாலேயே போனான். பத்திரிகை என் கடையிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு அழகமுத்து ஒரு வரிகூட எழுதவில்லை. தண்ணீர்ப் பகுதிக்குப் போகிறான், வருகிறான். கடைக்கு வருவான், ஆனால் கதை சொல்வதில்லை. யாராவது கதை வந்த கிளாக்கர் என்று பேச்செடுத்தால், உங்கள் வீட்டுப் பைப் என்ன இலக்கம் என்று கேட்பான். வீரம்மா என்னிடம் இன்றும் மரியாதையாகத்தான் பேசுகிறாள். பத்திரிகை என்ற சொல்லை மட்டும் அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அவளுடைய ஆத்தாள் அடுத்த வருஷம் தவறிப்போனாள்.

நான் ஒன்று செய்து பார்த்தேன். நல்ல பலாப்பலகை ஒன்று எடுத்து, அந்தப் பரிசுப் பெட்டியை முதன்முதலாகத் திறந்து, பேச்சாயி என்று மூன்று பாஷையிலும் எழுதினேன். முகம் வரைய முடியாதவன் பெயராவது எழுதலாமே என்றுதான். கொண்டுபோய்க் கொடுத்தபோது வீரம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "எங்க வைக்கிறதுங்க நானா?" என்று கேட்டாள். மேட்டில் தேயிலை நிற்கிறது. அங்கே நட்டால் தோட்டத்தார் அன்றே பிடுங்கிவிடுவார்கள். லயத்துச் சுவரில் ஆணி அடிக்கவும் விடமாட்டார்கள். எனக்கு ஓர் இடமும் தோன்றவில்லை. திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

பலகை இப்போது என் கடை வாசலில், எழுதி முடித்த மற்றப் பலகைகளோடு சாத்தியிருக்கிறது. போன மாதம் பிலிமத்தலாவையிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், எழுத்து நன்றாக இருக்கிறதே, இது எந்தத் தெருவில் உள்ள கடை, அங்கே என்ன விற்கிறார்கள் என்று கேட்டார்.